பழைய வண்டி, பழைய பாகம், புதுக் கை

மாருதி 800, அம்பாசடர் போன்ற பழைய கார்களை வாங்கி, புதுப்பேட்டைச் சாமான் போட்டுத் தாங்களே செப்பனிட்டு ஓட்ட ஆசைப்படுகிறார்கள் சிறு நகரத்து இளைஞர்கள். இரும்பு கை கொடுக்கும். சட்டமும் பெட்ரோலும் கை கொடுக்குமா? செஞ்சியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

திருவண்ணாமலை சாலையோரம், ராஜகிரி மலை பின்னால் தெரிய, தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலை. புளியமரத்தடியில் வெள்ளை நிற மாருதி 800 ஒன்று நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, இரும்பு ஸ்டேண்டுகளின் மேல் நிற்கிறது. உள்ளே சீட் இல்லை, தரைவிரிப்பும் இல்லை. மெக்கானிக் குனிந்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரைத்தகட்டைத் தட்டிக்கொண்டே வருகிறார். டங், டங் என்று வந்த சத்தம் கிளட்ச் பெடலுக்குக் கீழே வந்ததும் 'தப்' என்று அமுங்குகிறது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி நுனியால் லேசாக ஒரு குத்து. தகடு பொத்துக்கொண்டு போய், புளியமரத்து மண் தெரிகிறது.

"பாத்தியா தம்பி? மேல பெயிண்ட்டுதான் கீது. தகடு எப்பவோ போயிடுச்சி."

"எஞ்சின் நல்லா ஸ்டார்ட் ஆச்சேண்ணே?"

"எஞ்சின எப்ப வேணா இறக்கி மாத்திக்கலாம். இத எங்க போய் மாத்துவ? வண்டின்றதே இந்தத் தகடுதான்."

தம்பிக்கு இருபத்து நாலைந்து வயது இருக்கும். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தாலும் விலகிப் போகவில்லை; குனிந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, துரு எதுவரை போயிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறார். புதுக் கார் வாங்க வசதியில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரு வண்டியை நட்டு நட்டாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, தன் கையாலேயே பூட்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை. இன்றைய கார்களில் பானட்டைத் தூக்கினால் பிளாஸ்டிக் மூடிதான் வரவேற்கிறது. 800-இல் கார்புரேட்டரும் பிளக் வயரும் ரேடியேட்டரும் கண்ணெதிரே இருக்கின்றன.

இந்த ஆசைக்கு என் முழு ஆதரவு உண்டு. ஆனால் இறங்குகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் பணம் பெயிண்ட்டுக்குப் போகிறது, அடுத்தது அலாய் வீலுக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும். பிரேக்கின் முறை வரும்போது கையில் காசு இருப்பதில்லை.

சென்னை நிறுத்தியது, செஞ்சி வாங்கியது

முதல் மாருதி 800-இன் சாவி 1983 டிசம்பர் 14 அன்று, பிரதமர் இந்திரா காந்தியின் கையால் கொடுக்கப்பட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

இடையில் நடந்த ஒரு விஷயம் நம் பக்கத்து ஊர்களுக்கு முக்கியம். 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பி.எஸ்.-4 மாசு விதி வந்தது. 800-ஐ அந்த விதிக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதில், அந்த நகரங்களில் மட்டும் விற்பனையை நிறுத்தியது மாருதி. மற்ற ஊர்களில் இன்னும் நாலு வருடம் புது 800 கிடைத்தது. ஆக, தமிழ்நாட்டில் வயது குறைந்த 800-கள் சென்னை எண்ணோடு இருக்காது, விழுப்புரத்தின் டி.என்.32, திண்டிவனத்தின் டி.என்.16, திருவண்ணாமலையின் டி.என்.25 போன்ற எண்களோடுதான் இருக்கும். பழைய கார் தேடிச் சென்னைக்கு ஓடுகிற செஞ்சிக்காரர், நல்ல வண்டியைப் பக்கத்துக் கிராமத்து மாட்டுக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போகிறார் என்றே சொல்வேன்.

பெட்டிச் செய்தி: எதற்கு எது பொருந்தும்?

மாருதி 800: ஆம்னி வேனிலும் இதே 796 சி.சி. குடும்பத்து எஞ்சின்தான். ஆம்னி 2019 வரை வந்ததால் எஞ்சின் சாமான்கள் பல இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

அம்பாசடர்: பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பழைய 1489 சி.சி. எஞ்சின், ஒரு காலத்து எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த எஞ்சினின் உடன்பிறப்பு. பிந்தைய 1817 சி.சி. இசுஸு எஞ்சின் கான்டெசா கிளாசிக்கிலும் இருந்தது.

பிரீமியர் பத்மினி: ஃபியட் 1100-இன் வாரிசு. 1089 சி.சி., ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு: 1961 முதல் சென்னையில் தயாரான கார். தனி செஸியின் மேல் பாடியின் பகுதிகளைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். கழற்றிப் பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி அமையாது, கிடைப்பதுதான் அரிது.

விலை பேசும் முன்

800-க்குத் தனி செஸி கிடையாது. தரை, பக்கவாட்டு, கூரை எல்லாம் சேர்ந்து வெல்டிங் ஆன ஒரே கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. டிரைவர் காலடி, கதவின் அடிவிளிம்பு, பின் சக்கர வளைவு, முன் சஸ்பென்ஷனின் தலை பூட்டியிருக்கும் இடம், பேட்டரித் தட்டு ஆகியவற்றில் துரு பிடிக்கும். கதவின் அடிப்பகுதியில் இருந்தால் டிங்கர் வேலையில் சரியாகிவிடும். சஸ்பென்ஷன் தலையில் இருந்தால் வண்டியை விட்டு விலகுங்கள். தகட்டின் மேல் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும்: சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள், பட்டி கனத்திருக்கும் இடத்தில் ஒட்டாது.

எஞ்சினைப் பொறுத்தவரை, ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது; பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். 800-இன் ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீர் இல்லாமல் சூடேறினால் வளைந்துவிடும். லேத் பட்டறையில் ஹெட்டைச் சீவிச் சமப்படுத்திக் கொடுப்பார்கள். பயப்படும் செலவில்லை, ஆனால் விலையில் அதைக் கழித்துப் பேச வேண்டும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்பதை நம் பகுதியில் கட்டாயம் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. செஞ்சி வழியாகப் போகும் இதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊத்தங்கரையில், நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதைத் தமிழ்நாடே பார்த்தது. அதற்கு முன் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். இப்படி முங்கிய வண்டிகள் கழுவப்பட்டு, பாலிஷ் போடப்பட்டுச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட் நகரும் தண்டவாளத்திலும் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூ தலைகளிலும் துரு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. இந்த வண்டியின் வயரிங்கைப் புதுக் கை நம்பவே கூடாது.

புதுப்பேட்டை எப்படி இயங்குகிறது

செஞ்சியிலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் ஒரு கடையில் கதவு மட்டும், அடுத்ததில் கியர்பாக்ஸ் மட்டும், அதற்கடுத்ததில் ஹெட்லைட் மட்டும் என்று சந்து சந்தாகப் பிரிந்து கிடக்கிறது வியாபாரம். விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று ஒதுக்கிய வண்டி, ஓடி ஓய்ந்த வண்டி, அரசு அலுவலகம் ஏலம் விட்ட வண்டி எல்லாம் இங்கே வந்து பாகம் பாகமாகப் பிரிகின்றன. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது அங்கிருப்பவர்களின் தலைக்குள் இருக்கிறது. எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லாத அறிவு அது. அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பாகம் பெயர்த்து வேறிடத்தில் பூட்டுவது செஞ்சிக்குப் புதிதல்ல. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவைதான். கேட்க ஆளில்லாமல் அள்ளிப் போனார்கள். கார் பாகத்தில் அப்படிக் கேள்வி கேட்காமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது வாங்கியவர்.

எஞ்சினில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சுரண்டியிருந்தாலோ, பக்கத்தில் கிரைண்டர் ஓடிய தடம் இருந்தாலோ கையால் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகத்துக்கு, வண்டி எண்ணும் எஞ்சின் எண்ணும் எழுதிய பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோ போதாது, போல்ட் ஓட்டைகளின் இடைவெளி போட்டோவில் தெரியாது. செல்ஃப் மோட்டார் என்றால் கடையிலேயே பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய எலெக்ட்ரிக் சாமானுக்கு வாங்கிய பிறகு கேரண்டி கிடையாது.

கொஞ்சம் இடவசதி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி: அதே மாடலில் ஓடாத வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, அதிலிருந்து பாகம் எடுப்பது. சின்னச் சின்ன கிளிப், பிராக்கெட், வாஷர் எல்லாம் அதில்தான் கிடைக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றதைப் பார்த்துப் பூட்டலாம். ஆனால் அப்படி உடைக்கும் வண்டியின் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். அந்த ஆர்.சி. வேறு யார் கைக்காவது போனால், வேறொரு திருட்டு வண்டிக்கு அது முகமூடியாகிவிடும்.

எது பழசாக இருக்கலாம், எது கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை வெட்டி வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்.

கதவு, பானட், டிக்கி மூடி, கண்ணாடி, சீட், டாஷ்போர்டு, விளக்குக் கூடு, கைப்பிடி எல்லாம் பழசு போடலாம். கியர்பாக்ஸ், எஞ்சின் பிளாக், கிராங்க் போன்றவற்றை லேத்தில் அளந்து பார்த்துப் போடலாம். ரேடியேட்டரைத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துச் சோதித்துப் போடலாம்.

வண்டியை நிறுத்துகிற, திருப்புகிற, ஆளைப் பிடித்து வைக்கிற பாகங்களில் பழசுக்கு இடமே இல்லை. பிரேக் ஷூ, பேட், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிட், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் ராடு எண்ட், பால் ஜாயிண்ட், டயர், சீட் பெல்ட் எல்லாம் கடையிலிருந்து புதுசாகத்தான் வர வேண்டும். விபத்தில் ஒருமுறை ஆளைத் தாங்கிய சீட் பெல்ட்டின் இழை நீண்டுவிட்டிருக்கும், பார்வைக்குத் தெரியாது. அடுத்த விபத்தில் அது தாங்காது.

பிரேக் டிரம் மட்டும் நடுவில் நிற்கும். உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் ஷூ உரசாத இடத்தில் ஒரு வரம்பு தட்டுப்படும். அது எவ்வளவு உயரமாக இருக்கிறதோ, அவ்வளவு தேய்ந்திருக்கிறது டிரம். பல டிரம்களில் அதிகபட்ச விட்டத்தை வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். லேத்தில் சீவிய பிறகும் அந்த அளவுக்குள் இருந்தால் பூட்டலாம், தாண்டினால் இரும்புக் கடைக்குத்தான்.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பத்து வருடத்து டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ரப்பர் நின்ற இடத்திலேயே கெட்டுப்போகும்.

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் தரைத்தகடு, பிறகு பிரேக், ஸ்டீயரிங், தண்ணீர் ஓட்டம், வயரிங், எஞ்சின் டியூனிங். எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓட்டிய பிறகு பெயிண்ட். பிரேக் வேலை முடிந்ததும், எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகே ரோட்டில் இறக்குங்கள்.

பெட்டிச் செய்தி: உயிருக்கு ஆபத்து

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டேண்ட் முட்டுக் கொடுத்து, வண்டியைப் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே படுக்க வேண்டும். முட்டுக்கு ஹாலோ பிளாக் கல் வேண்டாம், திடீரென்று பொடிந்துவிடும்.

காலி பெட்ரோல் டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி. வெல்டிங் வேலையை அதற்கென்றே உள்ளவரிடம் கொடுங்கள்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

டிக்கியில் சமையல் கேஸ் சிலிண்டர் வைத்து ஓட்டிய தடம், ட்யூப் போன ஓட்டை, ரெகுலேட்டர் கிளாம்ப் தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பேப்பர் இல்லாத வண்டி

துருவைவிடப் பெரிய சிக்கல் பேப்பரில் இருக்கிறது. பழைய கார் பல கை மாறியிருக்கும். பெயர் மாற்றாமல், முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட படிவங்களை மட்டும் கைமாற்றிக்கொண்டே வந்திருப்பார்கள். அந்த வண்டி யார் மீதாவது மோதினால்? ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எப்போதோ வண்டியை விற்றுவிட்ட ஒரு பெரியவரின் வீட்டுக்கு இழப்பீட்டு நோட்டீஸ் போய் நிற்கும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவரையும் காப்பாற்றுவது படிவம் 29-உம் 30-உம்தான். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பதிவு இருந்தால் அதை நீக்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது மாற்றம். பழைய காரை வாங்கியதும் வேறு எஞ்சின் பூட்டிப் பார்க்கும் ஆசை வரும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே கம்பெனி, அதே மாடல், அதே எரிபொருள் எஞ்சினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்துப் புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டை பில்லின் மதிப்பு அங்கேதான் தெரியும். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

பெட்டிச் செய்தி: எவ்வளவு கட்ட வேண்டும்?

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும் (படிவம் 25). காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சோதனையும் பசுமை வரியும் தனி.

கார் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடும்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம்: 1000 சி.சி. வரை 2,094 ரூபாய். 1500 வரை 3,416. அதற்கு மேல் 7,897. 1489 சி.சி. அம்பாசடருக்கும் 1817 சி.சி. அம்பாசடருக்கும் இதில் பெரிய வித்தியாசம் வரும்.

பெட்ரோல் மாறிவிட்டது

பழைய கார்க்காரர்கள் இப்போது அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகள் இதை நினைத்து வடிவமைக்கப்படவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற பழைய வண்டியில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தங்கித் துருவாகும். துருத்தூள் கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப் பிசுபிசுக்கும். சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதுசாக மாற்றுங்கள். பெட்ரோல் பில்டர் உள்ளே தெரிகிற கண்ணாடி ரகமாக இருக்கட்டும். பெரிய செலவில்லை, ஆனால் புதுக் கைகள் கடைசியில் நினைப்பது இதைத்தான். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

பத்மினி, ஹெரால்டு, பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அவை ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின்கள். 2000 பிப்ரவரியோடு ஈயம் நாடு முழுக்க நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் மிருதுவான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் மெல்ல மெல்லத் தேயும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட் வளையம் அடித்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

15-க்கும் 50-க்கும் நடுவில்

50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவெண், 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டுக்குச் செல்லும். செஸியும் பாடியும் எஞ்சினும் மூல வடிவிலிருந்து பெரிதாக மாறியிருக்கக் கூடாது. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் வரலாம். சென்னையில் செய்த ஹெரால்டுகள் பல இந்த வயதை எட்டிவிட்டன. கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும், 2023-இல் சென்னையில் திறந்த ஏவிஎம் அருங்காட்சியகத்திலும் இவற்றின் தலைமுறையைப் பார்க்கலாம்.

பணமும் இடமும் உள்ளவர்களுக்கு அந்த விதி நல்லது. ஆனால் 15 வயதில் இருக்கும் ஒரு 800, அந்த 50-ஐத் தொட எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும்? ஏழு முறை. இன்றைய கட்டணக் கணக்கில் முதல் முறை 5,000, அடுத்த ஆறு முறை பத்தாயிரம் வீதம், மொத்தம் 65,000 ரூபாய். ஓடும் நிலையில் உள்ள ஒரு 800-இன் விலையே பல ஊர்களில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சாலை வரியே கிடையாது, வருடாந்திரச் சோதனையிலிருந்தும் விலக்கு. அங்கே வயது கூடக் கூடச் சுமை குறைகிறது. இங்கே கூடுகிறது.

பழைய வண்டி புகை கக்கும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கார்புரேட்டர் வண்டி இன்றைய வண்டியைவிட மாசு அதிகம் வெளியிடும் என்பது உண்மை. டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதும் அங்குள்ள காற்றின் நிலையால்தான். தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. மாதம் இருநூறு கிலோமீட்டர் கூட ஓடாத வண்டி விடும் மாசையும், புதுக் கார் ஒன்றைச் செய்ய உருக்கும் இரும்பையும் ஒரே தராசில் வைத்துத்தான் பேச வேண்டும். புகையை அளக்கக் கருவி இருக்கிறது, பிரேக்கை அளக்கவும் இருக்கிறது. சோதனையில் தேறாத வண்டி போகட்டும். தேறிய வண்டியிடம் வயதுக்காக இரட்டைக் கட்டணம் வாங்குவது நியாயமாகத் தெரியவில்லை.

இதில் பட்டறைகளின் பிழைப்பும் இருக்கிறது. 2021-இல் வந்த வாகனக் கழிவுக் கொள்கை, பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்கு வழி வகுத்தது. அங்கே வண்டியை உடைக்கும்போது செஸி எண் உள்ள தகட்டை வெட்டித் தனியே பாதுகாக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும். திருட்டு வண்டி நுழையாமல் தடுக்க நல்ல ஏற்பாடு. 2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகள், பழைய வண்டிகளின் இரும்பை மீட்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. எல்லாம் உருக்காலையை நோக்கியே போகிறது. நல்ல நிலையில் உள்ள கதவும் கியர்பாக்ஸும் உருக்குவதற்கு முன் இன்னொரு வண்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அதில் போதிய அளவு இல்லை.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. உடைப்பு மையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் மூல வண்டியின் எண் எழுதிய பில் கட்டாயம் என்றால் புதுப்பேட்டை வியாபாரமும் வெளிச்சத்துக்கு வரும், செஞ்சித் தம்பியும் பயமில்லாமல் வாங்குவார். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அதில் சேர்ந்த மாணவர்களை இந்த ஊர்ப் பட்டறைகளில் பயிற்சிக்கு அனுப்பலாம். காது வைத்தே கார்புரேட்டர் டியூன் செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும், சோதனையில் தேறிய, குறைவாக ஓடும் தனியார் கார்களுக்குப் பசுமை வரியில் சலுகை கொடுக்கலாம். அது மாநிலத்தின் கையில் உள்ள வரி. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்து ஊர்களில் கடைசியாக வாங்கிய 800-களுக்கு 2029-இல் 15 வயது முடிகிறது. அதற்குள் இவை நடக்க வேண்டும்.